சத்திரத்துக் குசினிக்கு யன்னல் கிடையாது

எதையும் பட்டியல் போட்டுச் செய்கிறவளின் கையில் ஓர் உலகத்தைக் கொடுக்கக் கூடாது. பட்டுத்தான் சொல்கிறேன்.

அண்ணா கலியாணம் முடித்த புதிதில் நடந்தது இது. அண்ணி ஜெசிந்தா முல்லைத்தீவுக் கரையோரத்துப் பிள்ளை, தகப்பனுக்குக் கடற்றொழில். நாங்கள் நெடுங்கேணியில் வயல் செய்கிறவர்கள். வந்த நாளிலிருந்து அண்ணி எங்கள் வீட்டில் பேசிய சொற்கள் மூன்று: ஓம், காணும், பரவாயில்லை. வவுனியாவில் மென்பொருள் எழுதும் வேலையிலிருந்து வார இறுதியில் வீட்டுக்கு வந்த நான் இந்தக் குறையைக் கண்டுபிடித்தேன். உடனே தீர்வையும் கண்டுபிடித்தேன். (என் தீர்வுகளைப் பற்றி அலுவலகத்தில் வேறு அபிப்பிராயம் உண்டு.)

தீர்வு, பல்கலைக்கழகத்தில் பழகிய ஒரு கதை விளையாட்டு. எல்லோரும் மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் ஓர் உலகத்தை உண்டாக்கி நடத்துவார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாகப் போய், தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். சரிவருமா என்று தாயக்கட்டை உருட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் செய்வதற்கேற்ப அந்த உலகம் மாற வேண்டும். அந்தக் கடைசி விதியை மட்டும் நான் வசதியாக மறந்துபோனேன்.

என் உலகத்தில் ஒரு சத்திரம், ஒரு காடு, ஒரு கோட்டை, அதற்குள் ஒரு பூதம். சத்திரத்தில் சாப்பிட்டதும் நேரே காட்டுக்குப் போக வேண்டும். கோட்டையின் ஒவ்வோர் அறையையும் அளவுப்படி கீறி வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை அண்ணா, அண்ணி, சித்தப்பாவின் மகன் தர்சன் மூவரும் விறாந்தையில் வந்து இருந்தார்கள்.

"சத்திரத்துக்கு வந்திட்டீங்கள். குசினியில ஒரே புகை. இப்ப என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேட்டேன்.

தர்சன் வாளைத் தேடினான். அண்ணி பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கையை உயர்த்தினார். "நான் அடுப்பை இஞ்சால மாத்தி வைக்கிறன். புகை போகட்டும்."

அண்ணியின் நாலாவது சொல்லுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். அது வந்தபோது நான் சொன்னது: "மாத்தேலாது அண்ணி. கல்லில கட்டின அடுப்பு."

"அப்ப ஒரு யன்னல் வைப்பம்."

"சுவருக்கு அங்கால மலை."

"கூரையில ஒரு ஓட்டை?"

"அதுக்குள்ளால பூதம் வரும்!"

"வரட்டுமன். பசியோடதான் வரும், பாவம். சோறு குடுப்பம்."

தர்சன் கதிரையிலிருந்து விழாத குறை. "அண்ணி, நான் உங்கட பக்கம். வாளை வித்துப்போட்டு அரிசி வாங்கிறன்."

"விடனடி, அவ யன்னல் வைக்கட்டும்," என்றார் அண்ணா.

அண்ணி முகம் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். அது என் கண்ணில் படவில்லை. ஆளில்லாமல் கிடக்கப் போகும் என் கோட்டைதான் பட்டது. எழுந்து மேசையில் அடித்தேன்.

"இது நான் உண்டாக்கின இடம், அண்ணி! நேற்று வந்த நீங்கள் இஞ்ச ஒண்டையும் மாத்தேலாது! இருக்கிற மாதிரி இருங்கோ, ஏலாட்டி வெளிக்கிட்டுப் போங்கோ!"

விறாந்தைப் படியில் அண்ணியின் தகப்பன் நின்றுகொண்டிருந்தார். மகளைப் பார்க்க முதல் தடவையாக வந்தவர். கையில் ஐஸ் போட்டு நண்டு நிறைத்த வெள்ளை றெஜிபோம் பெட்டி.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "பிள்ளை, உடுப்பை எடு. வீட்டை போவம்."

"ஐயோ மாமா, அது விளையாட்டு!"

"விளையாட்டுக்கோ என்ர பிள்ளையை வெளியில போகச் சொன்னனீர்? ஒரு யன்னல் தானே கேட்டவள்?"

"இல்லை மாமா... அந்த விளையாட்டில நான்தான் கடவுள்."

(வேறு எத்தனையோ சொற்கள் இருந்தன.) அவர் பெட்டியை வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார். "சம்மந்தி, எங்கட குசினிக்கு ரெண்டு யன்னல் இருக்கு, வந்து பாருங்கோ!"

"அப்பா, இது விளையாட்டுத்தான்," என்றார் அண்ணி. எனக்கு மூச்சு வந்தது. அவர் நிலத்தைப் பார்த்தபடி தொடர்ந்தார். "ஆனா மாமி, இந்த வீட்டில நான் இன்னும் ஒரு கோப்பை கழுவேல்லை. எதைத் தொட்டாலும் பறிச்சுப்போட்டுக் கதிரையைத் தாறீங்கள்."

அம்மா புதுப்பெண்ணைக் கஷ்டப்படுத்தக் கூடாதென்று செய்த மரியாதை அது. அந்த வீட்டில் அண்ணியிடம் 'என்ன செய்யப் போறீங்கள்' என்று முதலில் கேட்ட ஆள் நான். வந்த ஒவ்வொரு பதிலையும் கல்லும் மலையும் வைத்து அடைத்ததும் நான்தான். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

அம்மா பெட்டியைத் தூக்கி அண்ணியிடம் நீட்டினார். "நீயே கறி வை பிள்ளை."

அண்ணி உள்ளே போனார். சற்று நேரத்தில் தூள் டின்கள் இடம் மாறும் சத்தம் கேட்டது. அம்மா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதற்கு அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. மாமா சாப்பிட்டுவிட்டுத் தனியாகத்தான் ஊருக்கு பஸ் ஏறினார்.

இப்போதும் ஞாயிறு காலையில் அவர் தொலைபேசி எடுப்பார். மகளோடு கதைத்து முடித்ததும் அம்மாவிடம் கேட்பார்: "கடவுள் எப்பிடி இருக்கிறா?"

அம்மா கொஞ்சமும் கூசாமல் சொல்வார்: "அவ இன்னும் எழும்பேல்லை, சம்மந்தி."