கையெழுத்துக்காக நோயாளியானவள்

‘கடந்த இரண்டு வாரங்களில் காரணமில்லாமல் அழுதீர்களா?’ என்று கேட்டது படிவம்.

ஐலா கோர்ப்பி பேனாவின் மூடியைக் கடித்தபடி யோசித்தாள். காரணத்தோடு அழுதவர்கள் எந்தக் கட்டத்தில் குறியிட வேண்டும் என்று படிவத்தில் சொல்லவில்லை. ‘பெரும்பாலான நாட்கள்’ என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டு வைத்தாள்.

உண்மையில் அவளுக்கு உடம்பிலும் ஒன்றுமில்லை, மனதிலும் ஒன்றுமில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு கையெழுத்து. அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அந்தக் கையெழுத்து பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

சுப்பீரியர் ஏரியின் தென்கரையில், வருடத்தில் பத்து மாதம் மூடுபனிக்குள்ளும் மீதி இரண்டு மாதம் பனிக்குள்ளும் கிடக்கும் ஹார்லோ பாயிண்ட் என்ற ஊரில், இருக்கும் ஒரே சின்ன மருத்துவமனையின் நர்ஸ் பிராக்டிஷனர் ஐலா. பதினான்கு வருடமாக மருந்து எழுதுகிறாள், காயம் தைக்கிறாள், கட்டை விரலில் குத்திய தூண்டில் முள்ளைப் பிடுங்குகிறாள். இந்தப் பதினான்கு வருடத்தில் அவள் கண்டுபிடித்தது ஒன்றுதான். வயிற்று வலி என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வலி வயிற்றில் இல்லை. ஆனால் அது இருக்கும் இடத்துக்கு வைத்தியம் பார்க்க அவளுடைய உரிமத்தில் இடமில்லை.

அதனால்தான் மனநலத்தில் மேற்படிப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டாள். மதிப்பெண் பட்டியல் போயிற்று. பரிந்துரைக் கடிதம் மூன்று போயிற்று. பத்து விரல் ரேகையும் போயிற்று. ஆறு வயதில் வந்த தட்டம்மை நிஜமாகவே வந்ததுதான் என்று ரத்தப் பரிசோதனை செய்து நிரூபித்ததும் போயிற்று. எழுதி வைத்த கட்டுரையைத் தவிர மிச்சமிருந்தது ஒரு தாள். மனநல உரிமம் பெற்ற ஒருவர், ‘அறுநூறு மணி நேரம் இவளை என் பக்கத்தில் உட்காரவைத்துத் தொழில் கற்றுத் தருகிறேன்’ என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். பாடம் நடத்துவது பல்கலைக்கழகத்தின் வேலை; அந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பது மாணவியின் பாடு. எப்போதும் அப்படித்தான்.

மாவட்டத்துக்கே அப்படி ஓர் ஆள் வெண்டலின் ஹார்க் மட்டும்தான். அவளிடம் போவதென்றால் வரவேற்பு மேசையில் இருக்கும் பெர்னடீனைத் தாண்ட வேண்டும். உறைந்த ஏரியை நீந்தித் தாண்டுவது அதைவிடச் சுலபம். எட்டு மாதத்துக்கு முன்பு ஐலா போன் செய்தபோது நடந்தது இது:

“நோயாளியா?”

“இல்லீங்க, நானும் நர்ஸ்தான். ஒரு கையெழுத்து மட்டும்…”

“நோயாளிங்களுக்கு மட்டுந்தான் இங்க நேரம் குடுப்போம்.”

“ரெண்டு நிமிஷம் போதுங்க.”

“அப்ப ரெண்டு நிமிஷ நோயாளின்னு எழுதிக்கட்டுமா?”

ஐலா பெயரைக் கொடுத்துவிட்டாள். ஜனவரி மாதம் சோனா என்ற நீராவிக் குளியல் அறையிலிருந்து ஓடிவந்து ஏரியில் குதிக்கிறவர்கள்கூட அதைவிடக் கொஞ்சம் யோசித்துத்தான் குதிப்பார்கள்.

பழைய நோயாளி ஒருவர் குணமாகிப் போனால்தான் புது ஆளுக்கு இடம். ஒருவர் குணமாக எட்டு மாதம் ஆயிற்று. முதல் இடம் ஐலாவுக்குக் கிடைத்தது.

அதைப் பற்றி அன்று காலை அவள் ரைனோவிடம் மூச்சுவிடவில்லை. பனி அள்ளும் வண்டி ஓட்டும் ரைனோ மட்டிலா செவ்வாய்தோறும் முதுகு வலி என்று வருவார். மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகியும் காலையில் இரண்டு கோப்பை காப்பி ஊற்றிவைக்கும் மனிதர். நாலு மாதத்துக்கு முன்பு ஐலாதான் அவர் பெயரை ஹார்க்கிடம் பதிந்து வைத்தாள். வாராவாரம் அவர் அங்கே போன் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து ஐலாவிடம் நீட்டுவார்.

“உங்களுக்கு முன்னால் நூற்று மூன்று பேர் காத்திருக்கிறார்கள்” என்றது போன்.

“போன வாரமும் நூத்திமூணுதான்” என்றார் ரைனோ.

“நகரும் ரைனோண்ணே.”

“ஏரி உறைஞ்சு மறுபடி உருகிடுச்சு, இது நகரல. எல்லாரும் அவ்வளவு ஒடிஞ்சா போயிருக்காங்க, டாக்டரம்மா?”

“நான் டாக்டர் இல்லண்ணே.”

“எம் முதுகுக்கு அது தெரியாதே.”

அந்த நூற்று மூன்று பேர்தான் ஐலாவின் விண்ணப்பக் கட்டுரைக்கே உயிர். முதல் வரியே அவர்களைப் பற்றியதுதான். அதைத் தட்டச்சு செய்தபோது அவளுக்கே கண் கலங்கியது. படிவம் கேட்ட அழுகை அதுதான்.

பெர்னடீன் படிவத்தை வாங்கிக்கொண்டு ஹார்க்கின் அறைக் கதவைக் காட்டினாள். கதவுக்கு வெளியே ஒரு சின்ன இயந்திரம், உள்ளே பேசுவது வெளியே கேட்காமலிருக்க, இல்லாத மழையை விடாமல் பெய்துகொண்டிருந்தது. உள்ளே ஜன்னல் முழுக்க மூடுபனி. எங்கோ ஏரிக்குள் இரும்புத் தாது ஏற்றிய கப்பல் ஒன்று மாட்டுக் கூட்டத்தை அழைப்பதுபோல் ஊதியது. நோயாளியின் நாற்காலி மேகத்தை மூட்டை கட்டி அதற்குக் கால் வைத்ததுபோல் இருந்தது. அதில் உட்கார்ந்தவர்கள் தரையைப் பார்த்து நாளாகியிருக்க வேண்டும்.

“உக்காருங்க” என்றாள் வெண்டலின் ஹார்க். பஞ்சில் சுற்றிய குரல். “அவசரப்பட்டு எதையும் சொல்ல வேண்டாம். மொதல்ல மூச்சு விடுங்க.”

மூச்சு விட்டபிறகு சொல்லிவிடலாம் என்று ஐலா ஒரு மூச்சு விட்டாள். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து ஒழுங்காகத் தூங்காதவள் அவள். இல்லாத மழை பெய்தது. நாற்காலி அவளை மெல்ல விழுங்கியது.

மூடுபனிக்குள் ஒரு வரிசை தெரிந்தது. கரையோரமாகத் தொடங்கி, தண்ணீர் மேலேயே நடந்து, கனடா வரைக்கும் நீண்டது. நூற்று மூன்று பேர். தோளில் கம்பளி, முகம் தெரியவில்லை. எல்லோர் காலிலும் நாளெல்லாம் நிற்பதற்குத் தோதான ரப்பர் ஷூ. ஒருவரும் பேசவில்லை. அலைகூட அவர்கள் பாதத்தில் மெதுவாகத்தான் பட்டது. வரிசையின் கடைசியில் ரைனோ இரண்டு கோப்பையோடு நின்றார்.

“ரொம்ப நல்ல தொடக்கம்” என்றாள் ஹார்க்.

ஐலா கண் விழித்தாள். நாற்பத்தெட்டு நிமிடம் போயிருந்தது.

“மன்னிச்சிருங்க, நான் ஒண்ணு கேக்க வந்தேன்…”

“நேரம் முடிஞ்சிடுச்சு. கேள்விய உள்ளயே வச்சிருங்க, பழுக்கட்டும். வியாழக்கெழம வாங்க.”

வியாழக்கிழமை ஐலா காப்பி நாலு கோப்பை குடித்துவிட்டுப் போனாள். நாற்காலியின் விளிம்பில், கிளையில் காக்கை உட்காருவதுபோல் உட்கார்ந்தாள். மூச்சு விடுவதற்குள் சொல்லிவிட்டாள்.

“எனக்கு நோயே இல்லங்க. இந்தத் தாள்ல நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்.”

ஹார்க் தாளைப் படித்தாள். முகம் வாடியது.

“அடடா. நீங்க இப்ப என் நோயாளி. நோயாளிக்கு நானே ஆசிரியரா இருக்கக் கூடாது, அது விதி. செவ்வாக்கெழம ரெண்டு மணிக்கு முன்னாடி கேட்டிருந்தா சந்தோஷமா போட்டிருப்பேன்.”

“செவ்வாக்கெழம ரெண்டு மணிக்கு முன்னாடி உங்க முகத்தையே கண்ணுல காட்டலியே.”

“இந்தக் கோபத்தப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?”

“கோபமில்லங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். என்னை விடுவிச்சிடுங்க.”

“படிவத்துல ஏழு எடத்துல ‘பெரும்பாலான நாட்கள்’னு குறிச்சிருக்கீங்க.”

“அதெல்லாம் இந்தக் கையெழுத்துக் கெடைக்காத கவலைங்க.”

“கவலைன்னு நீங்களே சொல்லிட்டீங்க” என்று குறித்துக்கொண்டாள் ஹார்க். பிறகு கொஞ்சம் இரங்கினாள். “வீட்டுல நல்லாத் தூங்கறீங்களான்னு கூட இருக்கறவங்க எழுதிக் குடுக்கட்டும், நாளைக்கு நாலு மணிக்கு எடுத்துட்டு வாங்க. பாக்கலாம்.”

ஐலாவுக்கு உயிர் வந்தது. அவள் கணவன் அர்விட் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். திருமணத்தன்று பாதிரியார் கேட்டதற்கு ‘ம்’ என்றவன், அதற்குப் பிறகு பெரிதாக எதையும் சேர்க்கவில்லை. ஒரு வரிக்கு மேல் எழுதக்கூடிய ஆளே இல்லை.

“நல்லாத் தூங்கறான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்” என்றாள் அன்று சாப்பாட்டு மேசையில்.

“ம்” என்றான் அர்விட்.

காலையில் ஒட்டிய உறை ஒன்று மேசைமேல் இருந்தது. கொஞ்சம் தடிமனாகத்தான் இருந்தது. ஐலா அதைப் பொருட்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஹார்க் உறையைப் பிரித்தாள். உள்ளே மூன்று பக்கம். சத்தமாகவே படித்தாள்.

“‘என் மனைவி தூங்குகிறாளா என்று கேட்டிருக்கிறீர்கள். பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. கண்ணை மூடியபடி “கீழே, புள்ளிக்கோட்டில்” என்று கெஞ்சுகிறாள். என் முதுகில் விரலால் கையெழுத்துப் போட்டுப் பழகுகிறாள். அது என் பெயர் அல்ல. ஹார்க் என்று வருகிறது. யார் அந்த ஹார்க் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டியிருக்கும்.’”

இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. அதில் முதல் சந்திப்பு, அவளுடைய சிவப்புக் கையுறை, ஒருமுறை அவள் சுட்டுக் கருகவிட்ட மாட்டிறைச்சி அடைத்த பேஸ்ட்டி ரொட்டியை அவன் முழுவதும் தின்று தீர்த்தது எல்லாம் இருந்தது. ஹார்க் மூக்கைச் சிந்தினாள். ஐலாவும் சிந்தினாள்.

“எவ்வளவு அழகா எழுதறார்” என்றாள் ஹார்க். “அடுத்த வாரத்துலேருந்து ரெண்டு பேருமா வாங்க. அவரையும் சேத்துக்கறேன்.”

ஆக, கையெழுத்து ஒன்று கேட்டுப் போனதில் வீட்டில் நோயாளிகள் இரண்டு பேராகிவிட்டார்கள். மணி நாலு இருபது.

ஐலா ஜன்னலைப் பார்த்தாள். பனிக்குள் அந்த வரிசை இன்னும் நிற்பதுபோல் இருந்தது. கப்பல் ஒருமுறை ஊதி அடங்கியது. அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“எனக்குக் கையெழுத்து வேண்டாங்க.”

“அப்படியா?”

“அடுத்த வருஷம் பாத்துக்கறேன். ஆனா இந்த நாற்காலி எனக்கு வேண்டாம், ரைனோ மட்டிலாவுக்குக் குடுங்க. நானும் எம் புருஷனும் எங்க வீட்டு நாற்காலியில ஒக்காந்து பேசிக்கறோம். இந்தக் கடுதாசியப் பாத்தா அவருக்கும் பேச வரும்போலத் தெரியுது. ரைனோண்ணனுக்குத்தான் பேச ஆளில்ல. செவ்வாக்கெழமன்னா முதுகு வலின்னு வந்து நிப்பார். அவர் முதுகுல ஒரு வலியுமில்ல.”

ஹார்க் பேனாவை மூடினாள். அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மூணு தடவ வந்தீங்க. நீங்க நல்லா இருக்கீங்கன்னு இப்பத்தான் நம்பறேன்.” ஐலாவின் ஃபைலை இழுத்து, ‘குணமடைந்தார், விடுவிக்கப்பட்டார்’ என்று எழுதித் தேதி போட்டாள். பிறகு கையை நீட்டினாள். “அந்தத் தாளக் குடுங்க.”

“விதி?”

“நோயாளிக்கு ஆசிரியரா இருக்கக் கூடாதுன்னுதான் விதி. குணமானவங்க எத்தன நிமிஷம் காத்திருக்கணும்னு அதுல எழுதல.”

கையெழுத்து விழுந்தபோது மணி நாலு நாற்பத்தொன்று. ஐலா மிதந்துகொண்டே வெளியே வந்தாள். அந்த அறையின் வாசலைத் தாண்டும்போது அவள் கால் தரையில் பட்டதாக யாரும் சத்தியம் செய்ய முடியாது. இல்லாத மழையில் நனையாமல் நனைந்தாள்.

பெர்னடீன் ஏலக்காய் ரொட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் தாளை ஸ்கேன் செய்து, கட்டுரையோடு சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்தது. மணி நாலு ஐம்பத்திரண்டு. பிறகு ஹார்க் சொல்லியனுப்பியபடி ரைனோவின் பெயரை எடுத்துப் பட்டியலின் உச்சியில் எழுதினாள். அதைப் பார்த்ததும்தான் ஐலாவின் கால் தரைக்கு வந்தது. நூற்று மூன்று பேரை ஒரே பேனாக் கீற்றில் தாண்ட வைத்துவிட்டோமே என்று மேசைக்குத் திரும்பினாள்.

“பெர்னடீன், ரைனோண்ணன் வேணும்னா காத்திருக்கட்டும். முன்னாடி நிக்கிறவங்க வயித்தெரிச்சலக் கொட்டிக்க வேண்டாம். என் கட்டுரையோட மொத வரியே அந்தப் பாவப்பட்ட நூத்திமூணு பேருதான்.”

பெர்னடீன் ரொட்டியை விழுங்கிவிட்டுப் பட்டியலை அவள் பக்கம் திருப்பினாள்.

“அதுக்கெதுக்கும்மா கலங்குறீங்க, இந்தப் பட்டியல்ல நோயாளின்னு இருக்கறதே ரைனோ ஒருத்தர்தான், அவருக்கு முன்னாடி நிக்கிற நூத்திமூணு பேரும் ஒங்கள மாதிரி கையெழுத்துக்குப் பேர் குடுத்த நர்ஸுங்க.”