கொல்லையில் மட்டும் இன்னும் கோடை

அன்பும் மரியாதையும் உள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணங்கி எழுதுவது. நீங்களும் சித்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். விரல்கள் விறைத்துப்போய் அந்தச் சொல்லே கோணல்மாணலாக விழுந்திருப்பதை நீங்களே பார்க்கலாம். குளிர்தான், சித்தப்பா. ஆனால் இந்த வீட்டில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஃபோன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருப்பதால்தான் கடிதம் எழுதுகிறேன். சித்தியிடம் தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் படித்த கையோடு அவர் ஃபோனை எடுத்து "ஐயோ, அப்படியா?" என்று அம்மாவிடம் கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கோடை ஆரம்பத்தில் அடித்த புயலில் எங்கள் கொல்லையிலிருந்த பெரிய மரம் சாய்ந்தது உங்களுக்குத் தெரியும். மதில் தப்பியது, துணி காயப்போடும் கம்பிதான் அறுந்தது. அன்றிலிருந்து எங்கள் துணியெல்லாம் அந்த மரத்தின் மேலேயே காய்கிறது. அதற்கடுத்த வாரம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி, குழாய், ஊசி என்று எல்லாம் நடந்து முடிந்ததும் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் மாத்திரைகளை ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தபோது அப்பா கேட்ட ஒரே கேள்வி. "விறகு எப்ப வெட்டலாம்?" அந்த டாக்டர் சிரித்த முகக்காரர், யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். "இந்த வெயில்ல எதுக்கு சார்? கொஞ்சம் குளிர் வரட்டும், பார்க்கலாம்" என்றார். பொம்மைக் கடை வாசலில் அழும் குழந்தையிடம் திரும்பி வரும்போது வாங்கலாம் என்போமே, அதே குரலில். அப்பா அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். வேலையில் இருந்த காலம் முழுக்கக் கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்திய மனிதர் இல்லையா? 'கொஞ்சம் குளிர்' என்றால் எவ்வளவு என்று தெரியாமல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே டாக்டருக்கு ஃபோன் போட்டார்.

"டாக்டர், குளிர்னா எத்தனை டிகிரி?"

டாக்டர் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தாராம். "பதினஞ்சு, பதினாறு... ஏதோ ஒண்ணு சார், பார்த்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

பதினைந்து என்று முடிவாயிற்று. அப்பா ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்து, அதைக் கொதிக்கும் நீரிலும் ஐஸிலும் மாற்றி மாற்றி முக்கி, இரண்டு நாள் வதைத்து, நல்லவன்தான் என்று தீர்ந்த பிறகு கொல்லைக் கம்பத்தில் நிழல் பக்கமாக ஆணி அடித்து மாட்டினார். "உடம்பு பொய் சொல்லும். கருவி சொல்லாது" என்றார். ஆள் வைத்து வெட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வைத்தோம். மெஷின் ரம்பத்தோடு ஒருவர் வந்தார். அவருடைய எண்ணெய் கேனில் இருந்த அளவுக்கோடு சரியில்லை என்று அப்பா விசாரணையைத் தொடங்க, அந்த மனிதர் மரத்தைத் தொடாமலே ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்தான், இன்றுவரை எங்கள் தெருவுக்குள்ளேயே வருவதில்லை.

இலையெல்லாம் உதிர்ந்து, காற்று மாறி, ஒருநாள் காலை என் மூச்சே புகையாக வந்தபோது அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெயில் இருக்கும்வரைதான் எங்களுக்கு டாக்டரின் துணை. அது போனால் அப்பாவுக்கும் கோடாலிக்கும் நடுவே நிற்க யாருமில்லை. "வேண்டாம்னு சொல்லிப் பார்க்கலாமாம்மா?" என்று கேட்டேன். "உங்கப்பாகிட்டயா? சொன்னா அன்னைக்கே வெட்டுவார்" என்றாள். பிறகு வெந்நீர்ப் பையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு, துணி எடுக்கப் போகிறவள்போல் கம்பத்தின் பக்கம் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தாள். பின்னாலேயே அப்பா போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். இருபத்தெட்டு.

"புல்லு மேல பனி வெள்ளையா கிடக்கு. இது இருபத்தெட்டு காட்டுது" என்றார்.

"அது பனி இல்லீங்க. சோப்புத் தண்ணி ஊத்தினேன்."

"மதில் மேலயுமா?"

"வேகமா ஊத்தினேன்" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கோடை, சித்தப்பா. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இருபத்தெட்டு டிகிரியில் கம்பளி போர்த்த முடியுமா? ஜன்னலைச் சாத்த முடியுமா? கூடத்தில் ஃபேன் ஓடுகிறது. அம்மா குளிர்ந்த பழச்சாறு கொண்டு வந்து வைக்கிறாள், அப்பா பனியனோடு உட்கார்ந்து அதை மடக் மடக்கென்று குடித்துவிட்டு "அப்பாடா" என்கிறார், நான் அவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறேன், என் பற்கள் ஒவ்வொரு செய்தியையும் இரண்டு முறை படிக்கின்றன. வானிலைப் பகுதியை நான் காலையிலேயே கத்திரித்து எடுத்துவிடுகிறேன். ஒருநாள் அப்பா அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, "இங்க என்னம்மா இருந்துச்சு?" என்று கேட்டார். பின்பக்கம் ஒரு நல்ல கவிதை வந்திருந்தது, எடுத்து வைத்துக்கொண்டேன் என்றேன். "பின்பக்கம் மாட்டுத் தீவன விளம்பரம்தானே வரும்?" என்றார். "இன்னைக்கு வந்தது ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கதவைத் தாழிட்டுக்கொண்டு, இரண்டு போர்வைக்குள் புகுந்துகொண்டேன். இப்போதெல்லாம் நான் படிப்பது முழுக்கப் போர்வைக்குள்தான். பாலைவனப் பயணக் கதைகளாகத் தேடிப் படிக்கிறேன்.

இதற்கு நடுவில் எதிர்வீட்டுத் தையல்காரர் வந்தாரே, அதைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அப்பாவின் கால்சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதால் இடுப்பைப் பிடிக்கக் கொடுத்திருந்தோம். அவர் அதை எடுத்துக்கொண்டு, தொப்பி, மஃப்ளர், கோட்டு எல்லாம் மாட்டிய உருவமாக உள்ளே வந்து, "என்னம்மா குளிரு இது! பல்லே கிட்டிப்போகுது. உங்க வீட்டுல என்ன ஃபேன் வேற ஓடுது?" என்று கூடத்தின் நடுவில் நின்று கேட்டுவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா அசரவில்லை.

"குளிரா? யாருக்கு? அண்ணே, உங்க முகமே நல்லா இல்லையே. இப்படித் திரும்புங்க. நெத்தியைக் காட்டுங்க. ஐயையோ, கொதிக்குதே!"

அம்மாவின் கை அப்போது ஐஸ்கட்டி. அவளுக்கு உண்மையிலேயே சுட்டிருக்கும். தையல்காரர் வெலவெலத்துப் போனார். "காலையில நல்லாத்தானேம்மா இருந்தேன்" என்றார்.

"இது அப்படித்தாண்ணே வரும். ஊரே வெந்துக்கிட்டு இருக்கும்போது ஒருத்தருக்கு மட்டும் குளிருதுன்னா சும்மாவா?"

பனியனோடு உட்கார்ந்திருந்த அப்பாவும் சும்மா இல்லை. "போய்ப் படுங்க. இங்க வேர்த்து ஊத்துது" என்று செய்தித்தாளால் விசிறிக்கொண்டார். தையல்காரர் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவர் மனைவி வந்து, "எங்க வீட்டுக்காரரை என்ன பண்ணினீங்க? நெத்தி ஜில்லுனு இருக்கு, நாக்கு நல்லா இருக்கு, நாலு வேளை சாப்பிடுறாரு, கேட்டா காய்ச்சல்ங்கிறாரு. தைக்க வேண்டிய துணி மலையாக் கிடக்கு" என்று சண்டைக்கு நின்றார். அம்மா ஒரு பாட்டில் தேன் கொடுத்து அனுப்பினாள். பாவம், இந்தத் தெருவிலேயே கணகணப்பாக இருப்பது இப்போது அவர் ஒருவர்தான்.

சிரிக்கத்தான் எழுதினேன். ஆனால் ஒன்றை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, உங்களிடம் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் மத்தியானம் அம்மா குளிக்கப் போயிருந்தாள். பின்பக்கக் கொட்டகையின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அப்பா கோடாலியை எடுத்துத் தோள்வரை தூக்கினார். அதற்கு மேல் தூக்கவில்லை. கை நடுங்கியது, குளிர் நடுக்கம் எப்படி இருக்கும் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், இது அது இல்லை. மெதுவாக இறக்கி வைத்து, யாராவது பார்த்தார்களா என்று பார்த்து, அலகைத் துணியால் துடைத்து, சாக்கைப் போட்டு மூடினார். நான் படித்த புத்தகங்களில் இப்படி ஒரு நாளின் முடிவில் அப்பாக்கள் மகளிடம் ஏதாவது பெரிதாகச் சொல்வார்கள். என் அப்பா, "இன்னைக்கு டீயில சக்கரை கம்மி" என்றார். அவர் வெட்டிவிடுவாரோ என்றுதான் முதலில் பயந்தேன், சித்தப்பா. இப்போது, வெட்டப் போய் முடியாமல் நின்றுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. வருஷா வருஷம் நீங்கள் வந்து, அண்ணனும் தம்பியுமாகக் கொல்லையில் போட்டி போட்டு வெட்டி, யார் அடுக்கு உயரம் என்று சண்டை போடுவீர்களே, இந்த வருஷமும் நீங்கள் வந்து கோடாலியைத் தூக்கினால் அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா?

ஆகவே உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அப்பா ஃபோன் செய்து அங்கே எப்படி என்று கேட்டால், "இங்க கொதிக்குது அண்ணே, வெளிய தலை காட்ட முடியல" என்று சொல்லுங்கள். உங்கள் தெருவில் பனி அள்ளும் வண்டி போகும் நேரமாக இருந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேசுங்கள். இருமாதீர்கள். முக்கியமாக, இந்த வருஷம் வராதீர்கள். முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிடுங்கள். போன வருஷம் நிஜமாகவே பிடித்துக்கொண்டபோது செய்த முனகலையே செய்தால் போதும், அப்பா நம்புவார்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் அடுப்பும் மனசும் எப்போதும் சூடாக இருக்கட்டும் என்று, பொறாமையோடுதான் என்றாலும், மனதார வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விறைத்துப்போன கையோடும் மாறாத பாசத்தோடும்,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம்.

உறையை ஒட்டாமல் கையில் வைத்துக்கொண்டு, பசை தேடிக் கொல்லைப்பக்கம் போனேன். கம்பத்துக்கு இந்தப் பக்கம் அம்மா வெந்நீர்ப் பையோடு நிற்கிறாள். அந்தப் பக்கம் அப்பா ஆவி பறக்கும் டீ டம்ளரோடு நிற்கிறார். நடுவில் தெர்மாமீட்டர். அம்மா இன்று கொஞ்சம் தாமதமாகப் போயிருக்கிறாள், அப்பா கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறார், அவ்வளவுதான் நடந்தது. இத்தனை நாளும் அம்மா உள்ளே போனதும் அப்பா டம்ளரோடு வந்து, அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார்.

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அம்மா.

"தராசுல கட்டைவிரல் வெச்சவனுங்க எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன். எனக்கா தெரியாது?" என்றார் அப்பா. "உன் பை சீக்கிரம் ஆறிப்போயிடுது. பதினஞ்சுக்கு இறங்கிட்டா நான் வெட்டணுமே."

"வெட்டுங்கன்னு உங்களை யாரு கேட்டா?"

அப்பா டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "யாரும் கேக்கலை. அதான் பயமா இருக்கு" என்றார்.

அம்மா "இதைப் பிடிங்க" என்று வெந்நீர்ப் பையை அவர் நெஞ்சில் வைத்து அழுத்திவிட்டு, கொட்டகைக்குப் போய்ச் சாக்கை விலக்கிக் கோடாலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நானும் அப்பாவும் தடுக்க ஓடினோம். முதல் வெட்டில் கோடாலி கிளையில் மாட்டிக்கொண்டது. இரண்டாவது வெட்டில், காயப்போட்டிருந்த அப்பாவின் பனியன் இரண்டாயிற்று. "காலை அகட்டி நில்லு! இறுக்கிப் பிடிக்காதே! அதோட கனமே வெட்டும், நீ ஓங்கி விட்டாப் போதும்!" என்று அப்பா கத்தினார். மூன்றாவது வெட்டில் கிளை படக்கென்று பிளந்தது. மரம் கோடை முழுக்க அப்படிக் காய்ந்திருக்கிறது. அம்மா அந்த இரண்டு துண்டையும் பார்த்தாள், கோடாலியைப் பார்த்தாள், "இவ்வளவுதானா? இதைத்தான் அண்ணனும் தம்பியும் வருஷா வருஷம் பெரிய வித்தை மாதிரி காட்டிக்கிட்டு இருந்தீங்களா?" என்றாள். நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே கண்டிப்பாக வாருங்கள், சித்தியையும் கூட்டிக்கொண்டு. சித்திக்கும் ஒரு கோடாலி கொண்டு வரச் சொல்கிறாள் அம்மா. நீங்கள் வேண்டுமானால் டீ போடலாமாம். கடிதத்தை மாற்றி எழுதியிருக்கலாம்தான். ஆனால் வீட்டில் அடுப்பு எரிகிறது, அதை விட்டு மேசைக்குத் திரும்பிப் போக எனக்கு மனமில்லை, மடியில் வைத்தே இதை எழுதுகிறேன். தையல்காரரிடம் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்ல யாராவது போக வேண்டும். அது பிறகு.

கொல்லையில் அம்மா இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறாள். அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு வெட்டி விழுவதை ஒவ்வொன்றாக எடுத்து வந்து சுவரோரம் அடுக்குகிறார். இரண்டு நடைக்கு ஒருமுறை வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொள்கிறார். இப்போதுதான் அவர் குரல் கேட்டது, தெருவே கேட்கும்படி, கொஞ்சமும் கூச்சமில்லாமல்:

"சின்னச் சின்னதா வெட்டும்மா. தூக்குறவன் நான்."