வண்டி சௌக்கியம்

ஊரிகம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் இவானுக்கு அப்பா இன்பராஜ் எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் உன் வண்டி சௌக்கியம். நான்கு டயரும் சௌக்கியம், முதுகில் மூட்டை மாதிரி சுமக்கிறதே, அந்த ஐந்தாவது டயரும் சௌக்கியம். உன் அம்மாவின் வலது கணுக்காலில் போட்ட மாவுக்கட்டை இன்னும் ஐந்து வாரத்துக்குப் பிரிக்கக் கூடாது என்று கோலாரில் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பழைய இருமல்தான், புதிதாக ஒன்றுமில்லை. நீயும் பெங்களூரில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டாவது வாக்கியத்தை ஆரம்பிப்பதற்குள் உனக்கு இன்னொரு கால் வந்துவிடுகிறது. வாட்ஸப்பில் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். அதனால்தான் உன் ஆபீஸ் விலாசத்துக்கு ரெஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டாவது வாங்கித்தான் தீரவேண்டும்.

வண்டி நீ உழைத்து வாங்கியது. அதைப் பற்றி எனக்கு ஒரு பேச்சும் இல்லை. ஆனால் வாங்கிய அன்றைக்கு எங்கள் இருவரையும் ரயிலேற்றி ஷோரூமுக்கு வரவழைத்தாயே, எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அம்மா கிறிஸ்துமஸுக்கென்று வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே நுழைந்ததும் வாசலோரமாக ஒரு சின்னக் கார், தரையோடு தரையாக, நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்காரலாம், அதன் கதவை அவள் இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். நீ அதைத் தாண்டிப் போய், உருண்டை லைட்டும் சப்பை மூக்கும் தகரப் பெட்டி உடம்புமாக நின்ற இதன் முன்னால் நின்று, "டாடி, பாருங்க, எப்டி கீது? பக்கா ஓல்ட் ஸ்கூல்" என்றாய். எனக்கும் அந்த முகம் பழக்கம்தான். தங்கச் சுரங்கத்தில், மைசூர் மைன்ஸில், ஆபீசர் ஜீப்புக்கு இதே முகம். அது எதிரே வந்தால் நாங்கள் சைக்கிளைச் சாக்கடைப் பக்கம் இறக்கிக்கொண்டு நிற்போம். அங்கே ஏசி ஷோரூமில் அந்த லைட்டைப் பார்த்ததும் என் கால் தானாக ஓரத்துக்குப் போயிற்று. நீ கவனிக்கவில்லை. சேல்ஸ்மேன் கவனித்து, "நடுவுல வந்து நில்லுங்க சார்" என்றான். அவன் தமிழ்ப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். "இதுல சொகுசு கம்மி சார். ரோட்ல இருக்கிற ஒவ்வொரு கல்லும் உங்களுக்குத் தெரியும், அதான் இதோட ஸ்பெஷல்" என்றான். "கல்லு தெரியணும்னா செருப்ப கழட்டினு நடந்தா போதுமேபா, அதுக்கு இன்னாத்துக்கு வண்டி?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். நீ என்னைப் பார்த்து முறைத்தாய். அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "முட்டி வலிக்காரி நானு, இதுல ஏற முடியுமாபா?" பக்கவாட்டில் படி வைத்துத் தரலாம் என்று அந்தப் பையன் சொன்னான். நீதான், "படி வெச்சா பாறைல இடிக்கும் மம்மி, லுக்கே போயிடும்" என்றாய். உன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே எந்தப் பாறை கிடக்கிறது என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அப்புறம் மாலை போட்டு, ஆளுயரச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை நீ ஊருக்கெல்லாம் போட்டபோது டயர் முழுசாகத் தெரிய வேண்டும் என்று ஓரத்தை வெட்டிவிட்டிருந்தாய். அதில் என் முழங்கை இருக்கிறது. அம்மாவின் புடவைத் தலைப்பு கொஞ்சம் இருக்கிறது. அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, "என் புடவ நல்லா விழுந்துகீது" என்றாள்.

உன் அபார்ட்மெண்டில் நிறுத்த இடமில்லை, "ஊர்ல சும்னே காலியாத்தானே இருக்கு" என்று இங்கே கொண்டுவந்தாய். மைன்காரன் வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய நம்முடைய லைன் வீட்டில் காலி இடம் எது என்று நினைத்துக்கொண்டு சொன்னாயோ தெரியாது. வாசலில் இருந்த தகர வேலியை எடுத்தோம், போதவில்லை. அம்மா குளிக்கிற தட்டியைப் பிரித்தோம், பின் டயர் மட்டும் வெளியே நின்றது. முருங்கை மரத்தை வெட்டியதும் சரியாக உட்கார்ந்தது. வெயிலில் பெயிண்ட் வெளுத்துவிடும் என்று நீ ஆள் அனுப்பிப் புது ஷீட் போட்டாய். வீட்டுக்கூரை நான்கு இடத்தில் ஒழுகுகிறது, வண்டிக்கூரை ஒரு சொட்டு ஒழுகுவதில்லை. போன மழையில் நானும் அம்மாவும் அரிசி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் வண்டிக்குக் கீழே வைத்தோம். தட்டியைப் பிரித்த அன்றிலிருந்து அம்மா அடுப்படி மூலையில்தான் குளிக்கிறாள், நான் வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன், போகிற வருகிறவர்கள் எல்லாம் வண்டிக்குக் காவல் இருக்கிறேன் என்று நினைக்கிறார்கள். மைன் மூடிய பிறகு பதினோரு வருஷம் தினம் ரயிலேறிப் போய் பெங்களூரில் அடுத்தவன் கேட்டுக்குக் காவல் இருந்தவன்தானே நான். இப்போது வேலை வீட்டுக்கே வந்துவிட்டது.

அதுவும் லேசான காவல் இல்லை. எதிர்வீட்டு குணசுந்தரியின் வீட்டுக்காரர் தவறிப்போய் முப்பதாம் நாள் ஜெபம் நடந்தது. பாஸ்டர் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருக்கிறார், ஒரு ஆடு வந்து உன் வண்டியில் முதுகைச் சொறிந்தது, அவ்வளவுதான், ஷிப்டு சங்கு கெட்டது போ, அப்படி ஒரு அலறல். ஓடிவந்து நீ கொடுத்த சாவியில் ஒரு பொத்தானை அமுக்கினேன், நான்கு பக்கமும் லைட்டு கண்ணடித்தது. இன்னொன்றை அமுக்கினேன், கதவு திறந்து ஆடு உள்ளே ஏறிக்கொண்டது. ஆட்டை இழுத்துப் போட்டு, மூன்றாவது பொத்தானை அமுக்கிச் சத்தம் நிற்பதற்குள் ஜெபம் முடிந்து எல்லாரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். குணசுந்தரி கோபப்படக்கூட இல்லை. "இன்னாண்ணா இது, அவரு குடிச்சிட்டு வந்த நாள்லகூட இவ்ளோ சத்தம் போட்டதில்லயே" என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் கையில் சாவியை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பா அது, நீயே சொல்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு நீ வருகிறாய். சிநேகிதர்கள் காரில் வந்து இறங்கி, சாவியை வாங்கி, நேரே சைனைட் மேட்டுக்குப் போகிறாய். தங்கத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு எங்களுக்கென்று விட்டுவிட்டுப் போன மண் அது. காற்றடித்தால் சாப்பாட்டுத் தட்டில் வந்து விழும், அம்மா தட்டின் மேல் தட்டை மூடிப் பரிமாறியதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த மண்ணில் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஏறி இறங்கி, சறுக்கி, சேற்றில் வேண்டுமென்றே இறக்கி, கயிறு கட்டி இழுத்து, அதை வீடியோ எடுக்கிறீர்கள். இவான், நான் இருபத்துமூன்று வருஷம் டிம்பர்மேன். கேஜில் பூமிக்கடியில் இறங்கி, லெவலில் நடந்து, சேற்றில் நின்று மரம் முட்டுக் கொடுத்தவன். என் பிள்ளை காலில் சேறு படக் கூடாது என்றுதான் அத்தனை ஷிப்டும் போனேன். நீ கஷ்டப்பட்டுப் படித்து, பெரிய வேலைக்குப் போய், லீவு நாளில் சேற்றைத் தேடிக்கொண்டு இங்கேயே வருகிறாய். எனக்குச் சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை, இருமல் வந்துவிடுகிறது. திரும்பி வந்ததும் வண்டியைக் கழுவ வேண்டும். எட்டு நாளைக்கு ஒரு தடவை பைப்பில் வருகிற தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்திருப்போம். நீங்கள் நான்கு பேர் அரை மணி நேரத்தில் இரண்டு டிரம்மைக் காலி செய்துவிட்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறீர்கள்.

அந்தச் சேறுதான் வாசலில் தேங்கிப் பாசி பிடித்தது. போன மாதம் கடைசிப் புதன்கிழமை காலையில் அம்மா அதில்தான் வழுக்கி விழுந்தாள். கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. கத்தவில்லை, "ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மாணிக்கராஜைக் கூப்பிட்டேன். முப்பது வருஷம் லாரி ஓட்டியவன், அடுத்த லைன்தான், லுங்கியோடு ஓடிவந்தான். சாவி என் கையில், வண்டி கண்ணெதிரே. இருந்தாலும் உன் பொருள் என்று உனக்குப் போன் போட்டேன் பார், அதுதான் நான் செய்த தப்பு. நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"டாடி, டென்ஷன் ஆகாதீங்க. நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்க."

"பண்ணிட்டேன்டா. வர நேரமாவுமாம். மாணிக்கராஜ் ஓட்டறேன்றான்."

"அங்கிளா? கண்ணு ஆபரேஷன் ஆனவரு டாடி. ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் தரமாட்டான். அதுவும் ஞாயித்துக்கெழம ஈவென்ட்டுக்கு டயர்ல காத்தெல்லாம் கொறச்சு செட் பண்ணி வெச்சிருக்கேன். ரோட்ல ஓட்டினா டயர் போயிடும்."

எனக்கு அப்போது வந்த கோபத்துக்குப் போனை வைத்துவிட்டேன். "டயர் போவட்டும்டா, ஏத்து" என்று மாணிக்கராஜிடம் சொன்னேன். இரண்டு பேருமாக அவளைத் தூக்கினோம். கதவு என் நெஞ்சு உயரத்துக்கு இருக்கிறது. ஸ்டூலைப் போட்டு ஏற்றப் பார்த்தோம். பாதி தூக்கிய நிலையில் அம்மா தன் புடவையைப் பார்த்தாள். ஒரு பக்கம் முழுக்கச் சேறு. உடனே கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. எறக்குங்க. சீட்டெல்லாம் அழுக்காயிடும், புள்ள கோச்சுக்குவான்" என்றாள். எவ்வளவு சொல்லியும் கையை எடுக்கவில்லை. மாணிக்கராஜ் என் முகத்தைப் பார்க்காமல் தெருமுனைக்குப் போய் ஆட்டோ பிடித்து வந்தான். கோலார் வரைக்கும் அவள் காலை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். அதையும் எழுதத்தான் வேண்டும். ஆப்பிள் வாங்கி வந்திருந்தாய், காலுக்கு வைத்துக்கொள்ள ஒரு தலையணையும் வாங்கி வந்திருந்தாய், நல்ல தலையணை. வெளியே வண்டி உறுமிக்கொண்டே இருந்தது, ஷூவைக் கழற்றாமல் உள்ளே வந்து, "வலிக்குதா மம்மி? ரெஸ்ட் எடுங்க" என்று அவள் நெற்றியில் கை வைத்தாய். நான்கு நிமிஷம். கடிகாரம் எனக்கு எதிரேதான் மாட்டியிருக்கிறது. சாயந்திரம் வண்டியை விட்டுவிட்டு அப்படியே போய்விட்டாய். நானும் ஒரு காலத்தில் ஷிப்டு முடித்து வந்து உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன்தான். அதனால் இதை ரொம்ப நீட்ட எனக்கு வாய் இல்லை.

ஆனால் முடிவாகச் சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடு. பெங்களூரில் எங்கே நிறுத்துவாயோ, தலைமேல் வைத்துக்கொள்வாயோ, எனக்குத் தெரியாது. வராவிட்டால் மாணிக்கராஜை விட்டு ஓட்டிக்கொண்டுபோய் அந்தச் சைனைட் மேட்டிலேயே நிறுத்திவிட்டு, சாவியை இதே மாதிரி ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிடுவேன். அம்மாவுக்குத் தட்டி திரும்பக் கட்ட வேண்டும். முருங்கையை நட்டால் அடுத்த வருஷம் காய்க்கும். இது கோபத்தில் எழுதியது இல்லை, இரண்டு நாள் யோசித்து எழுதியது.

நேரத்துக்குச் சாப்பிடு. பைக்கில் போகும்போது ஹெல்மெட் போடு. உன் போக்கிலும் வரத்திலும் தேவன் துணையிருக்க நாங்கள் காலையும் மாலையும் உன் பெயரைச் சொல்லித்தான் முழங்கால் போடுகிறோம், அம்மா மட்டும் இப்போது படுத்துக்கொண்டே.

இப்படிக்கு,
உன் அப்பா
ச. இன்பராஜ்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். படித்துக் காட்டச் சொன்னாள். ஒரு வரி விடாமல் படித்தேன். கதை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டு படுத்திருந்தவள், முடிந்ததும், "வண்டிய எட்துனு போயிட்டா அப்புறம் இன்னாத்துக்குங்க வருவான்?" என்றாள். கவரை ஒட்டாமல் ராத்திரி முழுக்கத் தலைமாட்டில் வைத்திருந்தேன்.

ஆகையால் மேலே எழுதியதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டி இங்கேயே இருக்கட்டும். இன்று காலையில் துடைத்து வைத்திருக்கிறேன். மாணிக்கராஜை விட்டுத் திருப்பி, ஜன்னல் பக்கமாக நிறுத்தியிருக்கிறோம், இன்சூரன்ஸ்காரனிடம் சொல்லிவிடாதே. நீ ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் உள்ளே வராவிட்டாலும் பரவாயில்லை. அவள் படுத்திருக்கிற இடத்திலிருந்து டிரைவர் சீட்டு நன்றாகத் தெரிகிறது.