விவாகரத்து இல்லாத ஜீவனாம்சம்

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
ஆகஸ்ட் 2002, மழை சற்று விட்ட ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி மகேஷுக்கு,

உன் மாமா பட்டாபிராமன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் மாமி மீனாக்ஷியும் பகவான் கிருபையில் சௌக்கியமாக, ஒரே வீட்டில், இருக்கிறோம். ஒரே வீட்டில் என்பதைத் தனியாக ஏன் எழுதுகிறேன் என்று நீ யோசிக்கலாம். அது உன்னால் வந்தது.

நீ அமெரிக்காவிலிருந்து அனுப்பிய சி.டி. பத்திரமாக வந்து சேர்ந்தது. விவாகரத்து ஆகும்போது பெண்டாட்டிக்கும் குழந்தைக்கும் மாதாமாதம் எவ்வளவு தர வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் சாஃப்ட்வேர், எங்கள் கம்பெனி கலிஃபோர்னியா வக்கீல்களுக்காகச் செய்தது, இந்தியாவில் விலை போகுமா என்று உங்கள் கீழ் ஃப்ளாட் வக்கீலிடம் கேட்டுச் சொல்லுங்கள் மாமா என்று எழுதியிருந்தாய். என்னை அண்ணன் முறை வைத்து 'தா' போட்டு அழைக்கும் கீழ் ஃப்ளாட் பிஸ்வாஸ் பாபுவிடம் கேட்டேன். "பட்டாபி-தா, இங்கே ஒரு கேஸ் முடிவதற்குள் எதற்காகச் சண்டை போட்டோம் என்பதே இரண்டு பேருக்கும் மறந்துவிடும். உங்கள் மெஷின் ஒரு நிமிஷத்தில் தொகையைச் சொல்லிவிட்டால் நான் மீனுக்கு எங்கே போவேன்?" என்றார். இருந்தாலும் கணக்கு சரியாக வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், பிறகு யோசிக்கலாம் என்றார். ரிடையரான பாங்க் ஆபீசரிடம் ஒரு கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டவர்கள் குறைவு. கேட்ட பிறகு பார்க்காமல் இருந்தவன் நானில்லை.

எங்கள் பாங்கில் கம்ப்யூட்டர் வந்தபோது யாரும் அதை உடனே நம்பிவிடவில்லை. ஒரு வருஷம் அது ஒரு பக்கம் கணக்குப் போடும், நாங்கள் இன்னொரு பக்கம் பழையபடி கையால் எழுதுவோம், சாயங்காலம் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். பேரலல் ரன் என்று அதற்குப் பெயர். ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டரைத்தான் திருத்தச் சொல்வோம், யூனியன் அவ்வளவு பலமாக இருந்தது. உன் சாஃப்ட்வேரையும் அப்படிச் சோதிக்க நிஜமான ஒரு தம்பதி வேண்டும். வரவு செலவு முழுவதும் எனக்குச் சந்தேகமறத் தெரிந்த தம்பதி இந்த ஊரில் ஒன்றுதான். ஆகவே என்னையும் மீனாக்ஷியையும் உள்ளே போட்டேன். தருபவர் பட்டாபிராமன், பெறுபவர் மீனாக்ஷி, அவளுடைய வருமானம் சைபர். குழந்தை இல்லாமல் சோதனை முழுமை பெறாது என்பதால், பெங்களூரில் சம்பாதித்துக்கொண்டிருக்கும் எங்கள் பிள்ளை அக்ஷயை மறுபடி பத்து வயதுப் பையனாக்கினேன். குழந்தை தகப்பனோடு கழிக்கும் நேரம் எத்தனை சதவீதம் என்று கேட்டது. ஐம்பது என்று போட்டேன். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டது. அமெரிக்காவில் இதையெல்லாம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து என் பெயரைப் போட்டேன். வந்த தொகை சாதுவாக இருந்தது. நியாயஸ்தர்கள் என்று மெச்சி, பிரிண்டரில் கொடுத்துவிட்டு, மழை விட்டதே என்று லேக் பக்கம் நடக்கப் போனேன். காகிதத்தைக் கையோடு எடுத்துப் போயிருக்க வேண்டும்.

திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் நாற்காலியில் மீனாக்ஷி மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் பிஸ்வாஸ் பாபு எங்கள் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டிருக்கிறார். "ஏன்னா, நமக்கு விவாகரத்தாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?" என்று, காஸ் சிலிண்டர் வந்ததா என்று கேட்கிற குரலில் கேட்டாள். நான் பேரலல் ரன்னை விளக்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"சோதனைதானே? அப்போ சரியா போட வேண்டாமா? அக்ஷய் பாதி நேரம் உங்களோடயா இருந்தான்?"

"ஏன், ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை யூனியன் மீட்டிங். மத்த நாள்ல நீங்க வரச்சே தூங்கிண்டிருப்பான். ஸ்கூல்ல பையன் எந்த கிளாஸ்னு கேட்டதுக்கு ஆறாவதுன்னு சொன்னேளே, ஞாபகம் இருக்கா? அவன் அப்போ நாலாவது."

"அவன் அக்கா ஸ்மிதா ஆறாவது. குழம்பிட்டேன்."

"ஸ்மிதா எட்டாவது."

ஐம்பது கோர்ட்டில் நிற்காது பட்டாபி-தா என்று பிஸ்வாஸ் பாபு மெதுவாகச் சொன்னார். ஐம்பது நாலாயிற்று. நாலு என்று போட்ட மறுகணம் உன் சாஃப்ட்வேர் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் குடும்பத் தலைவர் பட்டத்தை என்னிடமிருந்து பிடுங்கி உன் மாமிக்குக் கொடுத்துவிட்டது. குழந்தை யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர்தான் தலைவராம். தொகையும் கிடுகிடுவென்று ஏறி நின்றது. எவ்வளவு என்று எழுத மாட்டேன், இந்தக் கடிதத்தை ஃபோனில் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாய், எனக்குத் தெரியும்.

அத்தோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டு எழுந்திருப்பேன். மீனாக்ஷி அந்தக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "எனக்கு விவாகரத்தெல்லாம் வேண்டாம், கோர்ட்டுக்கு யார் அலையறது. தொகை மட்டும் போறும்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உனக்கு எங்கள் வீட்டு நடைமுறை தெரியாது, சொல்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து பணம் வேண்டுமென்றால் அவள் கேட்பாள், எதுக்கு என்று நான் கேட்பேன், அவள் சொல்வாள், நான் பீரோவைத் திறந்து கொடுப்பேன். பாங்கில் வவுச்சர் இல்லாமல் பைசா நகராது, வீட்டிலும் அந்த ஒழுங்கையே வைத்திருந்தேன், அவளும் சந்தோஷமாக இருக்கிறாள் என்றுதான் எண்ணியிருந்தேன். "நீங்க ஒரு நாளும் இல்லைன்னு சொன்னதில்லை. அதை நான் மறுக்கலை. ஆனா இந்த எதுக்கு இருக்கே, அது இல்லாம ஒரு ரூபாயாவது எங்கைக்கு வரணும். மெஷினே குடுன்னு சொல்றது, உங்களுக்கு என்ன வந்தது?" என்றாள். பிரிந்தால்தான் தொகை, அதுதான் சட்டம் என்றேன். அதற்கு பிஸ்வாஸ் பாபு காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பிரிந்து போகிறவளுக்கே இவ்வளவு என்றால், இவ்வளவு காலமும் பிரியாமல் இருந்த பௌதிக்கு இதற்கு மேலல்லவா தர வேண்டும்?" என்றார். பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. அண்ணிக்காக வாதாடும் வக்கீலை ஜெயித்த அண்ணன் இந்த மாகாணத்தில் இன்னும் பிறக்கவில்லை.

பேச்சுவார்த்தை ஒரு வாரம் நடந்தது. அந்த வாரம் காபியோ சாப்பாடோ எதிலும் ஒரு குறை வைக்கவில்லை அவள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் போட்டது சர்வீஸில் இருந்தபோது வாங்கிய சம்பளம், இப்போது வருவது பென்ஷன் என்றேன், குறைத்துக்கொண்டாள். அக்ஷய்க்கு வயது இருபத்தெட்டு, குழந்தைப் பங்கு கிடையாது என்றேன், "போன தடவை வந்தப்போ அவன் துணியைத் தோய்ச்சது யாரு?" என்றாள், இருந்தாலும் விட்டுக்கொடுத்தாள். எதுக்கு என்பதில் மட்டும் ஒரு அங்குலம் நகரவில்லை. கடைசியில், மாதாமாதம் தொகை, எதுக்கு என்ற கேள்வி கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்றாம் தேதி பென்ஷன் வாங்கிவந்து கையில் கொடுத்தேன். வாய் வரைக்கும் அந்த வார்த்தை வந்தது, விழுங்கிவிட்டேன். அதற்கப்புறம் நடந்ததுதான் அதிசயம். இப்போது லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்கும் காபிப் பொடிக்கும் பேரம் பேசுவது என் வேலையில்லை. போன வாரம் அவளே என்னை அங்கே தோசை சாப்பிடக் கூட்டிப்போனாள். விலைப் பலகையைப் பார்க்காமலே இன்னொரு காபி சொல்லட்டுமா என்று கேட்டாள். என் பணம்தான், ஆனாலும் ஊரைச் சுற்றிக்கொண்டு உபசாரமாக வரும்போது அதன் ருசியே தனி. பீரோ சாவியைத் தேடுகிற வேலை போனதால் மத்தியானம் நன்றாகத் தூக்கமும் வருகிறது. ஆகவே உன் கம்பெனிக்குச் சொல். சாஃப்ட்வேர் கணக்கில் குறையில்லை, பேரலல் ரன்னில் தேறிவிட்டது. இந்தியாவில் மட்டும் விற்க முடியாது, சோதித்துப் பார்க்கிற புருஷர்களே அதை வெளியே விடமாட்டார்கள்.

நீயும் சீக்கிரம் நல்ல இடமாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு, அந்த சாஃப்ட்வேரில் சோதனைக்குக்கூட உன் பெயரைப் போடாமல், தீர்க்காயுளோடு இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அன்புள்ள மாமா,
பட்டாபிராமன்

பி.கு.: ஸ்டாம்ப் ஒட்டச் சொல்லி இதை மீனாக்ஷியிடம் கொடுத்தேன். வழக்கம்போலப் படித்துவிட்டு, "என் வருமானம் சைபர்னு எழுதியிருக்கேளே, மகேஷ் என்ன நினைச்சுப்பான்?" என்றாள். என்னம்மா அர்த்தம் என்றேன். ஒவ்வொரு தடவை சென்னை போய்வரும்போதும் அவள் காஞ்சிபுரம் புடவைகள் கொண்டுவந்து துர்கா பூஜைக்கு முன்னால் இங்கே வங்காளி மாமிகளுக்கு விற்கிறாள். போகும்போது இங்கத்திய தாந்த் என்கிற கைத்தறி நூல் புடவைகள் மயிலாப்பூர் மாமிகளுக்குப் போகின்றன. அக்ஷய் பிறப்பதற்கு முன்பிருந்தே நடக்கிறதாம். முதல் வாடிக்கை பிஸ்வாஸ் பாபுவின் சம்சாரம். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் அந்தப் பெட்டிகளை ஏற்றி இறக்கியவன் நான், பெண்களுக்குத் துணி ஆசை அதிகம் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு. அவள் சொல்லச் சொல்ல உண்மையான வருமானத்தைப் போட்டேன். சாஃப்ட்வேர் வெட்கமே இல்லாமல் திரும்பிக்கொண்டு, மீனாக்ஷி தர வேண்டும், பட்டாபிராமன் பெற வேண்டும் என்றது. உடனே அந்தத் தொகையைக் கேட்டேன். "தரேனே. பிரிஞ்சாதான் தரணும்னு நீங்கதானே சட்டம் சொன்னேள்? பிரியறேளா?" என்றாள். பிஸ்வாஸ் பாபு, பௌதியின் கேஸைத் தான் ஏற்கெனவே எடுத்துவிட்டதால் எனக்கு ஆஜராக முடியாது என்று வருத்தம் தெரிவித்தார். கடைசியில் ஒரு ராஜி ஏற்பட்டிருக்கிறது. அடுத்த மாதம் சென்னை போகிறோம், பெட்டிக்கு இவ்வளவு என்று ஹௌரா போர்ட்டர் ரேட்டில் எனக்குத் தருகிறாள், பழைய பாக்கி கிடையாது. சக்கரம் வைத்த பெட்டியானால் பாதி ரேட்டாம். அமெரிக்காவிலிருந்து அப்படி எதையும் அனுப்பி வைத்துவிடாதே.