பல்லவியில் ஒரு திட்டு

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, பகல் 11.40. அக்கா உங்களைத் திட்டும் ஒலிப்பதிவு இந்த நிமிடம் வரை நான்கு பேரிடமும் ஓர் ஆபீஸ் முழுக்கவும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மதிப்பிற்குரிய அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். கேட்டு, பதில் வந்து, அப்புறம் விஷயத்துக்கு வர அவகாசம் இல்லை. போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால் கடிதம்.

ஆறு வருடமாக நான் கம்ப்யூட்டரில் செய்த இசையில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. கல்யாணமான புதிதில் மரியாதைக்காக ஒன்றை முழுசாகக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு மச்சான், எப்ப ஆரம்பிக்கும்?" என்றீர்கள். பாட்டு வெளியிடும் கம்பெனியின் வெளியீட்டாளரும் ஏறக்குறைய அதையே சொன்னார்: நீ செய்த பழையது ஒன்றை எடுத்து மேலே குரல் வை, நாலு பேர் முணுமுணுக்கிற பாட்டாக்கு, நாலு ரீமிக்ஸ் சேர், இல்லாவிட்டால் ஒப்பந்தம் இல்லை. சரி என்றேன். பாடகிக்கு மெட்டைக் காட்ட ஒரு மாதிரிக் குரல் வேண்டும், நம் வீட்டில் சுருதி சேருகிறவள் அக்கா ஒருத்திதான், கூப்பிட்டேன், வந்தாள், லாலா போட்டுப் பாடினாள், நடுவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தாளத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன், மைக்கை அணைக்கவில்லை. அவள் போன பிறகு போட்டுப் பார்த்தால் நடுவே உங்களுக்கு விழுந்த திட்டு: "அதை அணை! இங்க பாரு! மனுஷி ஒருத்தி பேசுறேன்ல!" டிவி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் போலிருக்கிறது. அழிக்க நினைத்தேன். அதற்குள் அதே ஃபோல்டரில் அதுவும் சேர்ந்து ரீமிக்ஸ் செய்கிற நான்கு பேருக்கும் போய்விட்டது.

ஒருவரை ஒருவர் பார்த்தறியாத மூன்று பேர் அந்தத் திட்டையே பல்லவியாக்கி அனுப்பியிருக்கிறார்கள். நான்காமவர் "பேசுறேன்ல" என்பதில் கடைசி எழுத்தை மட்டும் வெட்டி ஆறு நிமிடம் ஓட்டியிருக்கிறார், அவரை விடுங்கள். பாடகி பாடியதை யாரும் தொடவே இல்லை. வெளியீட்டாளர் சொன்னார், "தம்பி, ஆறு வருஷமா உங்க மெஷின் பேசுச்சு, ஒரு பய கேக்கல. அந்தம்மா ஒரு தடவை கத்துனாங்க, என் ஆபீஸே எழுந்து ஆடுது." வெள்ளிக்கிழமை வெளியீடு. திட்டு இல்லையென்றால் பாட்டு இல்லை, ஒப்பந்தமும் இல்லை.

அக்காவிடம் கேட்டேன். "எனக்கென்ன, போட்டுக்கோ. திட்டு வாங்குன ஆள் சம்மதிச்சா சரி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஏன் என்று கேட்க நேரமில்லை. ஆகவே உங்கள் சம்மதம் வேண்டும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் நீங்கள்; பக்கத்தில் ஸ்டியரிங் பிடித்திருக்கும் பிள்ளை ரேடியோவில் இதைக் கேட்டு ஆடினால் சங்கடம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யோசியுங்கள். யாரைத் திட்டினாள் என்று ஊருக்குத் தெரியவா போகிறது? தவிர, தவறு உங்களுடையது. ஒருத்தி பேசும்போது அணைக்க வேண்டியதை அணைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக் கேட்பது பெரிய வித்தையா அத்தான்? இதை வயதில் சின்னவன் சொல்ல வேண்டியிருக்கிறது. திருத்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும், நீங்கள் வியாழனுக்குள் பதில் போட வேண்டும்.

இப்படிக்கு,
மைத்துனன்

பி.கு.: உறையில் போடும் நேரத்தில் குடையை எடுக்க அக்கா வந்தாள். தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள்.

"யாரைடா திட்டினேன்?"

"அத்தானை. போன்ல."

"போன்ல மணி பார்த்தேன்டா, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு. நான் கத்துனது உன்னைப் பார்த்து. மூணு தடவை சொன்னேன், தலையைத் தலையை ஆட்டுனே."

நான் ஆட்டியது தாளத்துக்கு. அசல் பதிவைத் தேடி எடுத்துப் போட்டேன். திட்டுக்கு முன்னால் பத்து நொடி மெல்லிய குரல் இருக்கிறது. இரைச்சல் என்று நானே வெட்டிப் போட்ட இடம். "என் வேலையை வேற ஊருக்கு மாத்திட்டாங்கடா. அடுத்த மாசம் நாங்க ரெண்டு பேரும் இந்த ஊரை விட்டுப் போறோம்" என்கிறாள். நீங்களும் போகிறீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருநூறு தடவையாவது அந்தப் பதிவை ஓட்டிய எனக்குத்தான் இன்று தெரிகிறது.

ஆகவே இனி நான் செய்யப்போவது:

1. திருத்திக்கொள்ளச் சொன்னதை உங்களிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வேறு தாளில் எழுத நேரமில்லை, இதுவே வரும்.

2. திட்டு வாங்கிய ஆள் சம்மதித்துவிட்டான். வெள்ளிக்கிழமை பாட்டு வரும், அக்கா பெயரோடு.

3. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டி கட்ட வருகிறேன். அக்கா பேசட்டும், முழுசாகக் கேட்கிறேன். எதையும் பதிவு செய்ய மாட்டேன்.

4. பேச்சு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் நீங்கள் வந்து என் இடத்தில் உட்காரவும். உங்களுக்குப் பழக்கம் உண்டு.