உப்பு ஜாடிக்குக் காவல்

படித்த டாக்டரை நாம் தேடிப் போக வேண்டும். படிக்காத டாக்டர் நம்மைத் தேடி வருவார். மாடிப்படியில் வழிமறிப்பார், லிப்டில் நாடி பிடிப்பார், நலம் விசாரித்தால் நோய் சொல்வார். அந்த இனத்தில் ஒருவரைத்தான் உங்கள் முன் நிறுத்துகிறேன். பயப்படாதீர்கள், ஃபீஸ் வாங்க மாட்டார்.

நம்மவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. சட்டையில் தூசி படாமலிருக்க ஒரு வெள்ளைக் கோட்டு வாங்கி மாட்டினார். அன்றைக்குப் பிடித்தது சனி. பவர் பார்க்க வந்தவரை நாக்கை நீட்டச் சொல்வார், நகத்தைத் திருப்பிப் பார்ப்பார், தூக்கம் எப்படி என்பார், கடைசியில் எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு: "உப்பைக் குறைங்க." தெரு அவருக்கு 'அரை டாக்டர்' என்று பெயர் வைத்தது. அவர் காதில் பின்பாதி மட்டும் விழுந்தது.

ஊருக்கு உபதேசம் செய்கிறவர் வீட்டை விடுவாரா? இவருக்கு ரத்த அழுத்தம் வந்தது. மனைவியின் தட்டில் உப்பு குறைந்தது.

"என்னங்க, நாக்கு உப்புக்கு ஏங்குது. எழுந்தா கண்ணு இருட்டுது."

"உப்பு உன்னை அடிமையாக்கிடுச்சு. உப்புத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும். இந்தா, இன்னொரு டம்ளர்."

அவள் இளைத்தாள், பத்தியம் வேலை செய்கிறது என்று பூரித்தார். உள்ளங்கை ரேகைகள் கறுத்தன, வெயில் என்றார்.

"உள்ளங்கையில எப்படிங்க வெயில் அடிக்கும்?"

அரை டாக்டர்களுக்குக் கேள்வி கேட்கும் நோயாளிகளைப் பிடிக்காது. பேச்சை மாற்றிவிட்டார்.

அவருக்கு உப்பு ஜாடி மேல் சந்தேகம் வந்தது. லென்ஸில் புள்ளி வைக்கும் பேனாவால் ஜாடியில் உப்பின் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டார். மறுநாள் உப்பு கோட்டுக்குக் கீழே! ஒளிந்து நின்று பிடித்தார்: மனைவி கல்லுப்பைக் கற்கண்டு மாதிரி வாயில் அடக்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், ஜாடி கடை அலமாரிக்குப் போய்ப் பூட்டுக்குள் உட்கார்ந்தது. அதன் பிறகு பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காதான் காகிதத்தில் மடித்துச் சுவருக்கு மேலே உப்புக் கொடுத்து வந்தாள். அந்த அக்கா வெளியூர் போன வாரம், அடுப்பங்கரையில் இவள் சுருண்டு விழுந்தாள்.

அந்த நேரத்தில் அவருக்கு ஒரு வைத்தியமும் நினைவுக்கு வரவில்லை. "எழுந்திரும்மா, என்னை விட்டுட்டுப் போயிடாதே" என்று கத்தினார். பாவம், அந்த அழுகை நிஜம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கறுத்த ரேகைகளைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். "சோடியம் ரொம்ப இறங்கிடுச்சு. சிறுநீரகத்துக்கு மேல அட்ரினல்னு சின்ன சுரப்பி இருக்கு. அது சரியா வேலை செய்யல. உப்பு உடம்புல தங்காம வெளியே போயிட்டே இருக்கு. அதான் இவங்க நாக்கு கேட்டிருக்கு. தினமும் மாத்திரை விடாம போட்டா நல்லா இருப்பாங்க. அது சரி, உப்பை நிறுத்திட்டுத் தண்ணியை ஊத்தச் சொன்ன டாக்டர் யாரு?"

நம்மவர் சத்தமில்லாமல் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து, மடியில் வைத்துக்கொண்டார்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க," என்றாள் மனைவி, படுக்கையிலிருந்து. "நான் பக்கத்து வீட்டு அக்காவை நினைச்சுக்கறேன்."

இனி வாயே திறக்க மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார்.

இரண்டு நாள் கழித்து, தெம்பு வந்து, அவள் சுவரைப் பிடித்தபடி ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்தாள். பெஞ்சில் கால் வீங்கிய பெரியவர் ஒருவர். எதிரே நம்மவர், அவர் உள்ளங்கையை வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டு: "களைப்பா இருக்கா? சந்தேகமே இல்ல, அட்ரினல்! உப்பை நல்லா அள்ளிப் போட்டுக்கங்க!"

"சிஸ்டர்!" என்று அவள் கத்தினாள். "ஓடி வாங்க! அந்தப் பெரியவரைக் காப்பாத்துங்க!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கறுத்த ரேகை என்று படித்ததும் உங்கள் உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தீர்களே, அது போகட்டும், மனித சுபாவம். ஆனால், 'அட, நம்ம மைத்துனிக்கும் இதேதான்' என்று இப்போது போனைத் தேடுகிறீர்கள் பாருங்கள்... வெள்ளைக் கோட்டுக்கு அளவு சொல்லுங்கள், தையல்கார அக்கா ஊரிலிருந்து வந்துவிட்டாள்.