ஊமைத் தோட்டக்காரனுக்குப் பேச்சு வந்த படம்

பாதிப் படம் பார்த்தவர்களிடம்தான் முழுப் படத்தைப் பற்றிய உறுதியான அபிப்பிராயம் இருக்கும். முழுதாகப் பார்த்தவர்கள் பெரும்பாலும் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் முதல் வகை.

சென்னையில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு திரைப்பட விழாவுக்குப் போனேன். பஸ் கிடைக்காமல் தாமதமாகிவிட்டது. இருட்டில் யார் காலையோ மிதித்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபோது, திரையில் ஓவியர் ஒருவர் தேவாலயச் சுவரில் படம் வரைந்துகொண்டிருந்தார். அவர் கனவில் மாதாவும் தேவதூதர்களும் வந்தார்கள். சற்று நேரத்தில் படம் முடிந்துவிட்டது. இடைக்காலத்து இத்தாலியக் கதைகள் சிலவற்றைத் தொகுத்து எடுத்த பழைய படம், உலகமே கொண்டாடியது என்று வெளியே ஒரு தாடிக்காரர் இன்னொரு தாடிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது போதும். மறுநாளிலிருந்து விடுதியில் எல்லோரிடமும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசினேன். (தாடி மட்டும்தான் இல்லை.)

படிப்பு முடிந்து, ராமேஸ்வரம் பக்கத்தில் எங்கள் ஊரான தங்கச்சிமடத்துக்குத் திரும்பினேன். வேலை இல்லை. அங்கே கன்னியர் மடம் நடத்தும் பள்ளியில் ஆங்கில ஆசிரியை இடம் ஒன்று காலியாக இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் அந்த மடத்தின் தலைவி. ஊரே அவரை மதர் என்றுதான் சொல்லும். அதிகம் பேசமாட்டார். அவர் சிரித்துப் பார்த்ததாக யாரும் சாட்சி சொன்னதில்லை.

நல்லவேளையாக என் சின்னம்மா அப்போது லீவில் வந்திருந்தார். அம்மாவின் தங்கை, கன்னியாஸ்திரீ. இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர். அவர் மதரிடம் எனக்காகப் பேசினார். திருவிழா முடியட்டும், பார்க்கலாம் என்று மதர் சொல்லியிருந்தார்.

எங்கள் கோயில் திருவிழாவில் ஒருநாள் சாயங்காலப் பூசைக்குப் பிறகு படம் போடுவது வழக்கம். பல வருடங்களாக ஒரே புனிதரின் ஒரே படம். பெண்கள் சங்கத் தலைவி ஜெசிந்தா அக்கா என்னைக் கூப்பிட்டு, ஜனங்களுக்கு அந்தப் படம் மனப்பாடம் ஆகிவிட்டது, புதிதாக ஏதாவது சொல் என்றார். நான் யோசிக்கக்கூட இல்லை.

"சாமிப் படமா?" என்று கேட்டார்.

கோயில் சுவரில் படம் வரைகிறவரின் கதை என்றேன். இணையத்தில் தேடியபோது கன்னியாஸ்திரீகள் கூட்டமாக நிற்கும் காட்சி ஒன்றும் கிடைத்திருந்தது. அதற்குமேல் படிக்கத் தோன்றவில்லை. கன்னியரும் வருகிறார்கள் என்று சேர்த்துச் சொன்னேன். அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

படம் இத்தாலிய மொழியில் இருக்கும், அடியில் ஆங்கில எழுத்து ஓடும், அதைப் பார்த்து நானே மைக்கில் தமிழில் சொல்கிறேன் என்றும் வாக்குக் கொடுத்தேன். ஜனங்கள் மேல் இருந்த அக்கறையால் அல்ல. முதல் வரிசையில் மதர் இருப்பார். என் ஆங்கிலத்தை அவருக்குக் காட்ட அதைவிட நல்ல மேடை கிடைக்காது. விடுதித் தோழி படத்தை அனுப்பிவைத்தாள். திறக்கிறதா என்று பார்த்தேன். திறந்தது. மூடிவிட்டேன்.

அன்றைக்குக் கோயில் மைதானம் நிறைந்துவிட்டது. பங்குச்சாமியார் ஏதோ கூட்டத்துக்கு ராமநாதபுரம் போயிருந்தார். மற்றபடி ஊரே அங்கே இருந்தது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். கடல்காற்றில் அது பாய்போலப் புடைத்துப் புடைத்து அடங்கியது. முன்வரிசையில் மதர், பக்கத்தில் சின்னம்மா, பிறகு மடத்துக் கன்னியர் வரிசையாக. கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஜேசுராஜ் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றான். நான் மைக்கோடு திரையின் ஓரத்தில் நின்றேன்.

முதல் கதையில், ஊருக்குப் புதிதாக வந்த ஒருவன் ஏமாந்து கக்கூஸ் குழிக்குள் விழுந்தான். பிள்ளைகள் புரண்டு சிரித்தார்கள். இந்தப் பகுதி எனக்குத் தெரியாதே என்று லேசாக உதைத்தது. ஓவியர் சீக்கிரம் வந்துவிடுவார் என்று நம்பினேன்.

அடுத்து வந்தது தோட்டக்காரன். கட்டுமஸ்தான ஆள். கன்னியர் மடத்தில் வேலை வேண்டும் என்பதற்காக ஊமைபோல நடிக்கிறான். தலைவி பரிதாபப்பட்டுச் சேர்த்துக்கொள்கிறார். அதுவரை நான் வரிக்கு வரி உண்மையைத்தான் சொன்னேன். பெண்கள் "பாவம்" என்றார்கள்.

பிறகு இரண்டு இளம் கன்னியர் தோட்டத்தில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டே குசுகுசுவென்று பேசினார்கள். அடியில் ஆங்கிலம் ஓடியது. படித்தேன். மைதானம் எனக்காகக் காத்திருந்தது. அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: ஆணிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது, இவன் ஊமை, வெளியே சொல்லவும் மாட்டான்.

"இந்த மனுசன் பாவம், இவருக்கு யாருமே இல்ல. நாமதான் இவருக்காக ஜெபிக்கணும்னு பேசிக்கிறாங்க" என்றேன்.

உடனே ஒரு கன்னி அவன் கையைப் பிடித்து ஒரு குடிசைக்குள் கூட்டிப்போனாள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சத்தமாகக் கேட்டார்.

"அங்கன எதுக்குப் போறாங்க?"

"ஞானோபதேசம் சொல்லிக்குடுக்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கோயிலில் வேதபாடம் சொல்லிக்கொடுப்பதற்குப் பெயர் அது; எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. வந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது. கேமரா குடிசைக்குள் போனது. ஜேசுராஜிடம் லென்ஸை மறைக்கச் சொல்லி ஜாடை காட்டினேன். அவன் திரையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி ஓடிப்போய் நானே புரொஜெக்டருக்கு முன்னால் நின்றேன். கையை விரித்துக்கொண்டு நின்ற என் நிழல் பனை உயரத்துக்குத் திரையில் விழுந்தது. காற்றில் துணி புடைத்தபோது நான் கர்ப்பிணியாகத் தெரிந்தேனாம். (பின்னால் பலர் அக்கறையோடு தெரிவித்த தகவல்.)

"ஏய் பிள்ள, உக்காரு, மறைக்குது" என்று நாலா பக்கமும் கூச்சல். நான் நகர்ந்தபோது முதல் கன்னி வெளியே வர, இரண்டாமவள் உள்ளே போய்க்கொண்டிருந்தாள். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார்கள். மாணவன் சோர்ந்துபோய்த் தெரிந்தான். பாடம் கஷ்டம் என்றேன். கடைசியில் மடத்துத் தலைவியே புறப்பட்டபோது, "அவுங்க பரீட்சை வைக்கப் போறாங்க" என்று சொன்ன குரல் என்னுடையதுதான்.

முன்வரிசையைப் பார்க்கத் தைரியம் இல்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. மதர் கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். சின்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். தோள் குலுங்கியது. எழுத்துகள் சின்னவை, துணி வேறு ஆடுகிறது, யாராலும் படித்திருக்க முடியாது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் சின்னம்மா படிக்க வேண்டியதே இல்லை. அவருக்குக் காது போதும். எனக்காகப் பரிந்து பேசிய பாவத்துக்கு அழுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் அந்தத் தோட்டக்காரன் வாயைத் திறந்தான். இத்தனை பேருக்கு ஈடுகொடுக்க ஒருவனால் முடியாது என்று தலைவியிடம் கதறிவிட்டான். தலைவி ஒரு கணம் திகைத்தார். பிறகு "அற்புதம், அற்புதம், ஊமை பேசிவிட்டான்" என்று கத்திக்கொண்டு ஓடி மணியடித்தார்.

எனக்கு உயிர் வந்தது. இட்டுக்கட்டத் தேவையில்லாத ஒரு வரி.

"அற்புதம் நடந்திருச்சு. ஊமைக்குப் பேச்சு வந்திருச்சு" என்று மைக்கில் கத்தினேன்.

மைதானமே கைதட்டியது. ஜெசிந்தா அக்கா சிலுவை போட்டுக்கொண்டு "மரியே வாழ்க" என்றார். கூட்டம் திருப்பிச் சொன்னது. அந்த ஆரவாரத்தில் நான் வயரைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது என்று அறிவித்தேன்.

ஜனங்கள் கலைந்தபோது மதர் எழுந்து சின்னம்மா பக்கம் திரும்பினார்.

"நீங்க இத்தாலியில இருக்கிறவுங்க சிஸ்டர். பிள்ளை சொன்னதெல்லாம் சரிதானா?"

என் வேலையும் சின்னம்மாவின் மானமும் ஒரே பதிலில் தொங்கின. சின்னம்மா பொய் சொல்லமாட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஊமைக்குப் பேச்சு வந்தது உண்மைதான் மதர்."

மதர் தலையசைத்துவிட்டுப் போனார். சின்னம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. மூச்சு முட்டச் சிரித்தார். பிறகு அம்மாவை உட்காரவைத்து முழுக் கதையையும், விடுபட்ட வசனங்களோடு சொன்னார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே அடுத்து என்ன என்றும் கேட்டார். உங்களுக்குக் கோபம் இல்லையா சின்னம்மா என்றேன்.

"நான் பாத்துக்கிற தாத்தாமாரும் பாட்டிமாரும் பேசுறதக் கேட்டா இதெல்லாம் செபப்புத்தகம் பாப்பா" என்றார்.

மறுவாரம் மதர் கூப்பிட்டனுப்பினார். சான்றிதழ்களைப் பார்த்தார். ஆங்கிலம் எட்டாம் வகுப்பிலிருந்து எடுக்கலாம், திங்கட்கிழமை வந்து சேரலாம் என்றார். நன்றி சொல்லி எழுந்தேன். அப்போது மேசையில் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தான் ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் எடுத்தது ஆங்கிலப் பாடம்தான் என்றார். அவ்வளவு சின்ன எழுத்தைத் தூரத்திலிருந்து படித்தால் இப்போதெல்லாம் கண் வலிக்கிறதாம், அதனால்தான் அன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சம் மூடிக்கொள்ள வேண்டியிருந்ததாம்.

என் காது சூடேறியதை என்னால் கேட்கவே முடிந்தது.

"ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்கு ஞானோபதேச வகுப்பு இருக்கு. அதையும் நீயே எடு ரோஸ்லின்" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. "உன்னளவுக்கு அதுல அக்கறை உள்ளவுங்க இங்கன யாரும் இல்ல."

இன்றுவரை நான்தான் எடுக்கிறேன். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகளும் அந்த வகுப்பில் படித்து முடித்துவிட்டார்கள். சின்னம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இத்தாலியிலிருந்து வீடியோவில் வருவார். ரோஸ்லினை எங்கே காணோம் என்று தெரியாதவர்போல அம்மாவிடம் கேட்பார். அம்மாவும் வெகு சாதாரணமாக, "ஞானோபதேசம் சொல்லிக்குடுக்கப் போயிருக்கா" என்பார். அதன்பிறகு கொஞ்ச நேரத்துக்குத் திரையில் சின்னம்மாவின் முகம் தெரியாதாம். அவர் அறையின் கூரைதான் ஆடிக்கொண்டிருக்குமாம்.